உங்களுக்குத் தெரியுமா? குடும்ப ஆலோசனைக்குப் போகும் முன்

பெரிய மாமா வந்து பேசியாகிவிட்டது. சம்பந்தி வீட்டார் வந்து உட்கார்ந்து பேசியாகிவிட்டது. கோயிலுக்கும் போயாகிவிட்டது. ஒன்றும் சரிப்படவில்லை என்ற பிறகுதான் நம் வீடுகளில் ‘கவுன்சலிங் போய்ப் பார்க்கலாமா?’ என்ற பேச்சே எழுகிறது. யாரிடம் போவது, உள்ளே என்ன கேட்பார்கள், விஷயம் வெளியே போய்விடுமா என்று தெரியாமல் அதற்கப்புறமும் மாதங்கள் ஓடிவிடுகின்றன. அந்த மாதங்களை மிச்சப்படுத்தத்தான் இந்தத் தகவல்கள்.

● குடும்ப ஆலோசகர் தீர்ப்புச் சொல்ல மாட்டார். “யார் மேல தப்புன்னு நீங்களே சொல்லுங்க” என்று கேட்டபடிதான் பல குடும்பங்கள் உள்ளே நுழைகின்றன. அவர் கவனிப்பது வேறு. ஒருவர் பேசும்போது குறுக்கே வருவது யார், யார் வாயைத் திறந்தால் மற்றவர்கள் அடங்குகிறார்கள், பதில் சொல்லும் முன் பிள்ளை யார் முகத்தைப் பார்க்கிறது என்பதையெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பார். ‘இவர் நம்ம பக்கம் பேசவே இல்லையே’ என்ற குறையோடு முதல் நாள் வீடு திரும்பினால் கவலைப்படாதீர்கள். எதிரே உட்கார்ந்திருந்தவரும் அதே குறையோடுதான் திரும்பியிருப்பார்.

● ‘கவுன்சலர்’ என்ற ஒரே பெயர்ப்பலகைக்குப் பின்னால் முதுகலைப் படிப்பும் இருக்கலாம், சில வாரப் பயிற்சியும் இருக்கலாம். யார் யார் என்று பிரித்துத் தெரிந்துகொள்வது நல்லது. மனநல மருத்துவர் மருத்துவம் படித்தவர், மருந்து எழுதுவார். மருத்துவ உளவியலாளர் மருந்து எழுத முடியாது; பேச்சுவழிச் சிகிச்சையும் உளவியல் சோதனைகளும் அவர் வேலை. 1992-ம் ஆண்டுச் சட்டப்படி அவர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில், அதாவது ஆர்.சி.ஐ.-யில் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. முறையாகப் படித்தவர் தயங்காமல் சொல்வார்.

மூன்றாவதாக ஒருவர் இருக்கிறார். நம்மில் பலருக்கு அவரைத் தெரியாது என்பதுதான் என் ஆதங்கம். மனநல சமூகப் பணியாளர். மனநல மருத்துவமனைகளில் குடும்பத்தை உட்காரவைத்துப் பேசுவது பெரும்பாலும் இவர்தான். குடும்பங்களோடு வேலை செய்வது இவருடைய பயிற்சியின் முக்கியமான பகுதி. பெரிய டாக்டரைப் பார்த்தால் போதும் என்று இவருடைய அறையைத் தாண்டிப் போய்விடுகிறோம்.

● கவுன்சலர்களுக்கும் மருத்துவ உளவியலாளர் அல்லாத மற்ற உளவியலாளர்களுக்கும் நெடுங்காலம் நாடு தழுவிய பதிவுமுறையே இல்லை. 2021-ல் வந்த துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம்தான் அவர்களையும் பதிவு வட்டத்துக்குள் கொண்டுவர வழிசெய்தது.

● முதல் போன் அழைப்பிலேயே கேட்கக்கூடிய கேள்விகள் உண்டு. என்ன படித்திருக்கிறீர்கள்? தனி ஆளுக்கு மட்டும் ஆலோசனை தருகிறீர்களா, குடும்பமாகப் பார்க்கப் பயிற்சி எடுத்திருக்கிறீர்களா? ஒரு சிட்டிங் எவ்வளவு நேரம், கட்டணம் எவ்வளவு? வர முடியாமல் போனால் பணம் கட்ட வேண்டுமா? எங்களில் ஒருவர் உங்களைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு ரகசியம் சொன்னால் அதை என்ன செய்வீர்கள்? இந்தக் கடைசிக் கேள்வியை மறக்காமல் கேளுங்கள். ‘தனியாகச் சொல்வதை நான் காப்பேன்’ என்பது ஒரு முறை. ‘குடும்பத்தைப் பாதிக்கும் எதையும் மறைத்து வைத்துக்கொண்டு என்னால் வேலை செய்ய முடியாது’ என்பது இன்னொரு முறை. இரண்டும் சரிதான். தொடங்கும் முன்பே அது எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

● பணம் இல்லை என்பதற்காக யாரும் ஒதுங்க வேண்டியதில்லை. சென்னை கீழ்ப்பாக்கத்தில் உள்ள அரசு மனநலக் காப்பகம், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள், மாவட்டத் தலைமை மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுகள் எல்லாவற்றிலும் ஓ.பி. சீட்டு வாங்கிக்கொண்டு போகலாம். வீட்டிலிருந்தபடியே பேச வேண்டுமென்றால் 14416. டெலி மானஸ் என்ற இந்தச் சேவை 2022 அக்டோபர் 10 அன்று, உலக மனநல நாளில் தொடங்கியது. இலவசம், இரவு பகல் எந்நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். எங்கே போவது என்று வழிகாட்டவும் அவர்களிடமே கேட்கலாம்.

● குடும்பத்தைச் சிகிச்சைக்குள் சேர்த்துக்கொள்வது வெளிநாட்டிலிருந்து இறக்குமதியான பழக்கம் என்று நினைக்கிறோம். 1950-களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர், நோயாளிகளின் உறவினர்களை மருத்துவமனை வளாகத்திலேயே கூடாரம் போட்டுத் தங்கவைத்தார். நோயாளியைப் பூட்டிவைத்துவிட்டு வீட்டார் போய்விடுவதே வழக்கமாக இருந்த காலம் அது. 1957-ல் வேலூர் சி.எம்.சி. பாகாயத்தில் தொடங்கிய மனநல மையத்தில், வீட்டார் ஒருவர் நோயாளியோடு கூடவே தங்க வேண்டும் என்பதே விதியானது. கூடவே இருந்து பார்க்கிறவருக்கு நோயைப் பற்றிய பயம் குறைகிறது, மருந்தின் அருமை தெரிகிறது, வீட்டுக்குப் போன பிறகு என்ன செய்ய வேண்டும் என்பதும் புரிந்துவிடுகிறது. பெங்களூரு நிம்ஹான்ஸில் குடும்ப மனநல மையம் என்றே தனியாக ஒன்று இருக்கிறது. தம்பதியும் பிள்ளைகளும் பெரியவர்களும் குடும்பமாகவே அங்கே சிகிச்சை பெறலாம். இந்த அனுபவம் நம் ஊர்களுக்குப் பக்கத்திலேயே அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகச் சேர்ந்துகிடக்கிறது.

● “அப்பாகிட்ட சொல்லு, சாப்பாடு எடுத்து வெச்சாச்சுன்னு.” “அம்மாகிட்ட சொல்லு, எனக்குப் பசியில்லைன்னு.” அப்பாவும் அம்மாவும் ஒரே கூடத்தில்தான் இருப்பார்கள். நடுவில் நிற்பது எட்டு வயதுப் பிள்ளை.

அமெரிக்க மனநல மருத்துவர் மர்ரே போவன் இதை முக்கோணம் என்று விளக்கினார். இரண்டு பேருக்கு இடையே இறுக்கம் தாங்க முடியாத அளவு ஏறும்போது மூன்றாவதாக ஒருவரை உள்ளே இழுத்துக்கொள்கிறார்கள். இறுக்கம் கொஞ்சம் தணிகிறது. அந்த மூன்றாவது ஆள் அதைச் சுமக்கிறார். அது பிள்ளையாக இருக்கலாம், மாமியாராக இருக்கலாம், தினமும் போனில் பேசும் அக்காவாக இருக்கலாம். பிள்ளைக்கு அடிக்கடி வயிற்றுவலி, பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்ற அடம், மதிப்பெண் சரிவு. டாக்டர்கள் பார்த்து உடம்பில் ஒன்றுமில்லை என்று சொன்ன பிறகு அந்தக் குடும்பம் ஆலோசகரிடம் வருகிறது, “இவனைச் சரிபண்ணிக் கொடுங்க” என்று. நல்ல ஆலோசகர் சில வாரங்களில் பிள்ளையை மெல்ல நடுவிலிருந்து விலக்கி, பெரியவர்கள் இருவரையும் நேருக்கு நேர் பேசவைப்பார். அர்ஜென்டினாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய சல்வடோர் மினுச்சின் இதை வாயால் சொல்லாமல் நாற்காலியை மாற்றியே செய்துவிடுவார். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையை எழுப்பி வேறு இடத்தில் உட்காரவைப்பார். அவ்வளவுதான். பிறகு பேச்சே மாறிவிடும்.

● முதல் ஓரிரு அமர்வுகளில் ஆலோசகர் தாளை எடுத்து உங்கள் குடும்பத்தைப் படமாக வரையலாம். ஆண் சதுரம், பெண் வட்டம், மூன்று தலைமுறை. ஓயாத சண்டை என்றால் இருவருக்கும் நடுவே வளைந்து வளைந்து போகும் கோடு. பேச்சுவார்த்தையே இல்லை என்றால் நடுவில் அறுபட்ட கோடு. மோனிகா மெக்கோல்ட்ரிக்கும் ராண்டி கெர்சனும் 1985-ல் எழுதிய புத்தகத்தால் இந்தப் படம் உலகெங்கும் பரவியது.

நம் குடும்பங்களில் இந்தப் படம் சீக்கிரம் சிக்கலாகிவிடும். அத்தை மகனைக் கட்டியவருக்கு மாமியார் அப்பாவின் கூடப்பிறந்தவர். அக்கா மகளைக் கட்டியவருக்கு அக்காவே மாமியார். அங்கே கணவன் மனைவி சண்டை அந்த இருவரோடு நிற்பதில்லை. நாற்பது வருட அண்ணன் தங்கை உறவும் கூடவே ஆட்டம் காண்கிறது. “அவளை ஒண்ணு சொன்னா எங்க அண்ணனை இழந்துடுவேன்” என்ற பயத்தில் ஒரு மாமியார் பல வருடம் வாய்மூடி இருந்திருக்கலாம். எனவே படம் வரையும்போது சொந்தத்தில் நடந்த திருமணங்களையும், சொத்துப் பங்கீட்டில் முறிந்த உறவுகளையும், யார் வீட்டு விசேஷத்துக்கு யார் போவதில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். உங்கள் பிரச்சினைக்குச் சம்பந்தமில்லை என்று நீங்கள் தள்ளிவிடும் தகவல்தான் பல நேரம் முடிச்சு இருக்கும் இடத்தைக் காட்டும்.

● வீட்டுப் பாடமும் உண்டு. இத்தாலியின் மிலான் நகரில் மாரா செல்வினி பலாட்சோலியும் அவருடைய குழுவினரும், பெற்றோர் இருவரும் ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டிக்கொண்டே இருக்கும் வீடுகளுக்கு ஒரு வழி சொன்னார்கள். வாரத்தில் மூன்று நாள் பிள்ளையைப் பற்றிய எல்லா முடிவும் அப்பாவுடையது. அம்மா அங்கே இல்லாதது போல இருக்க வேண்டும். மற்ற மூன்று நாள் அம்மாவுடையது. அப்பா வாய் திறக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை எப்படி வேண்டுமானாலும் இருக்கலாம். இதைச் செய்துபார்க்க ஆசைப்படும் வீடுகள் நம்மிடையே நிறைய இருக்கும். ஆனாலும் ஆலோசகர் உங்கள் வீட்டை அறிந்து சொல்லும் பாடமே பொருந்தும்.

● அதே மிலான் குழு குடும்பங்களை மாதம் ஒருமுறைதான் சந்தித்தது. தொலைதூர ஊர்களிலிருந்து ரயிலில் வருகிறவர்களுக்காகச் செய்த ஏற்பாடு அது. பிறகு பார்த்தால், அந்த இடைவெளியே குடும்பம் தானாக மாற அவகாசம் தருகிறது என்று தெரிந்தது. வாராவாரம் போக வசதியில்லையே என்று வருந்துகிறவர்கள் இதைக் கவனிக்கலாம்.

● “இன்று ராத்திரி நீங்கள் தூங்கும்போது பிரச்சினை தானாகத் தீர்ந்துவிட்டது என்று வையுங்கள். காலையில் எதைப் பார்த்து அதைக் கண்டுபிடிப்பீர்கள்?” என்று ஆலோசகர் கேட்டால் விளையாடுகிறார் என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் இன்சூ கிம் பெர்க்கும் ஸ்டீவ் டி ஷேசரும் வளர்த்தெடுத்த கேள்வி இது. “அவர் காபி குடிச்சிட்டு டம்ளரை எடுத்து வெச்சிருப்பார்” என்பது போன்ற பதில்தான் வரும். வேலை அங்கிருந்து தொடங்கும்.

● அளவுக்கு மீறிய பரிவும் நோயாளியைப் பாதிக்கலாம். லண்டனில் ஜார்ஜ் பிரவுன் தலைமையில் நடந்த ஆய்வுகள், மனச்சிதைவு நோயிலிருந்து தேறி வீடு திரும்பியவர்களைப் பின்தொடர்ந்தன. ஓயாத குறைகூறல், வெறுப்பு இவற்றோடு, எல்லாவற்றையும் தானே செய்துகொடுக்கும் மிதமிஞ்சிய கவனிப்பும் உள்ள வீடுகளில் நோய் திரும்புவது கூடுதலாக இருந்தது. அந்த ஆய்வைச் சண்டிகரில் செய்து, முடிவுகளை 1987-ல் வெளியிட்டபோது அத்தகைய வீடுகள் லண்டனைவிடக் குறைவாகவே இருந்தன. நம் குடும்ப அமைப்பின் பலம் அது. ஆனால் முப்பது வயது மகனுக்குச் சோறு ஊட்டி, அவன் போக வேண்டிய இடத்துக்கெல்லாம் தானே போய்வரும் அம்மாவை நம் எல்லோருக்கும் தெரியும். அவரிடம் தப்பு இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. எதை விட்டுக்கொடுப்பது, எப்போது விட்டுக்கொடுப்பது என்று அவருக்குக் கூடவே இருந்து கற்றுத்தர ஒருவர் வேண்டும். மருந்தோடு இப்படிக் குடும்பத்துக்கும் பயிற்சி தந்தால் நோய் திரும்புவது குறைகிறது என்பது பல நாடுகளில் உறுதியான உண்மை.

● குடி இருக்கும் வீட்டில் குடிப்பவரை மட்டும் கொண்டுபோய்ச் சேர்த்தால் பாதி வேலைதான் நடக்கும். குடியால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் 1980-ல் சென்னையில் நிறுவிய டி.டி.கே. மருத்துவமனையில் குடும்பத்தாருக்கென்றே தனி வகுப்புகளும் ஆலோசனையும் உண்டு. குடிப்பவரின் மனைவி, பெற்றோர், பிள்ளைகள் கூடிப் பேசும் அல்-அனான் கூட்டங்கள் இலவசமாக நடக்கின்றன. வீட்டில் குடிப்பவர் வரவேண்டும் என்ற கட்டாயம்கூட அங்கே இல்லை.

● அடி, மிரட்டல், பயம் உள்ள வீட்டில் கணவன் மனைவியைச் சேர்த்து உட்காரவைப்பது ஆபத்து. அங்கே துணிந்து சொன்ன ஒரு வார்த்தைக்கு வீட்டில் விலை கொடுக்க நேரலாம். எனவே விவரமான ஆலோசகர் ஆரம்பத்தில் ஒவ்வொருவரையும் தனித்தனியே பார்த்து, “வீட்டில் பயமாக இருக்கிறதா?” என்று கேட்டுவிடுவார். 2005-ம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி நீதிமன்றம் ஆலோசனைக்கு அனுப்பினால்கூட, அடித்ததற்கு நியாயம் சொல்ல அங்கே இடமில்லை என்று அச்சட்டத்தின் விதிகள் கூறுகின்றன. இனி நடக்காது என்ற உறுதியைப் பெறுவதே அந்த ஆலோசனையின் நோக்கம். ‘கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா’ என்று யாராவது கவுன்சலிங் என்ற பெயரில் சொன்னால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். 181 பெண்கள் உதவி எண்.

● 1992-ல் சென்னை ஆயிரம் விளக்கில் தொடங்கிய, தமிழகத்தின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையத்திலிருந்து இன்றுவரை, பல குடும்பங்கள் ‘கவுன்சலிங்’ என்ற சொல்லை முதலில் கேட்பது காவல் நிலையத்தில்தான். அடுத்து குடும்ப நீதிமன்றத்தில். 1984-ம் ஆண்டுக் குடும்ப நீதிமன்றச் சட்டம், முடிந்தவரை சமரசம் செய்துவைக்க முயல வேண்டும் என்கிறது. அதற்கென ஆலோசகர்களும் அங்கே உண்டு. அவர்கள் முன்னால் இருப்பது ஒரு புகார் அல்லது வழக்கு. குடும்பச் சிகிச்சை அதிலிருந்து வேறானது. வழக்குக்கு வெகுமுன்பே தொடங்க வேண்டியது.

● நீதிபதி ஒருவரே ஆலோசகரிடம் போன வழக்கு நம் ஊரில் நடந்திருக்கிறது. ஒருவரையொருவர் நேசித்த இரண்டு பெண்கள் பெற்றோரின் எதிர்ப்பால் மதுரையிலிருந்து சென்னைக்கு வந்து பாதுகாப்புக் கேட்டார்கள். சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் அந்தப் பெண்களையும் பெற்றோரையும் உளவியலாளரிடம் அனுப்பினார். அதோடு நிற்காமல், இந்த விஷயத்தில் தனக்கே புரிதல் போதாது என்று வெளிப்படையாகச் சொல்லி, தானும் உளவியலாளரோடு ஓர் அமர்வில் உட்கார்ந்தார். 2021 ஜூன் மாதம் அவர் தந்த உத்தரவு, தன்பாலின ஈர்ப்பு உள்ளவர்களை மருத்துவத்தால் ‘மாற்றுகிறேன்’ என்ற முயற்சிகளைத் தடைசெய்யச் சொன்னது. பிள்ளையை மாற்றித் தருகிறேன் என்று பணம் வாங்கும் ஆலோசகரிடம் பெற்றோர் ஏமாற வேண்டாம். பெற்றோருக்குள் இருக்கும் பயத்தையும் துக்கத்தையும் பேசித் தீர்க்க உதவுகிற ஆலோசகர்களே அவர்களுக்கு வேண்டும்.

● உள்ளே பேசுவது வெளியே போகாது. 2017-ம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் மனநலச் சிகிச்சை பெறுகிறவரின் ரகசியத்தைக் காப்பது அவருடைய உரிமை என்று கூறுகிறது. விதிவிலக்குகள் சில. உயிருக்கு ஆபத்து என்றால் தெரிவிக்க வேண்டியவர்களுக்குத் தெரிவிப்பார்கள். குழந்தை மீது பாலியல் வன்முறை நடந்தது தெரியவந்தால் போக்சோ சட்டப்படி போலீஸுக்கோ சிறார் காவல் பிரிவுக்கோ தெரிவித்தே ஆக வேண்டும்; இதை முதல் அமர்விலேயே சொல்லிவிடுவது நல்ல ஆலோசகரின் வழக்கம்.

● பிள்ளைகளை அழைத்துப் போகும்போது பொய் சொல்லாதீர்கள். “கடைக்குப் போறோம்” என்று கூட்டிக்கொண்டு போய் அங்கே உட்காரவைத்தால் அந்தப் பிள்ளை வாய் திறக்காது. “வீட்டுல அடிக்கடி சண்டை வருது. எப்படிச் சண்டை போடாம இருக்கறதுன்னு கத்துக்கப் போறோம். உனக்கு ஊசி எதுவும் கிடையாது” என்றால் போதும். சின்னப் பிள்ளைகளோடு படம் வரைவார்கள், பொம்மை வைத்து விளையாடுவார்கள்.

● இலங்கையில் ஆலோசனையை உளவளத்துணை என்கிறார்கள். பிரதேச செயலகங்களில் அதற்கென அலுவலர்கள் இருக்கிறார்கள். 1926 தேசிய மனநல உதவி எண். யாழ்ப்பாணத்தில் 1987-லிருந்து இயங்கும் சாந்திகம், போர் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே ஆட்களைப் பயிற்றுவித்தது. இழந்தவர்களும் காணாமல் போனவர்களும் வீட்டுக்கு வீடு இருந்த மண்ணில், தனி ஆளின் மனவடுவைக் குடும்பத்திலிருந்தும் ஊரிலிருந்தும் பிரித்துப் பார்க்க முடியாது என்று மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் தொடர்ந்து எழுதினார்.

லண்டனில் அம்மாவுக்கு ஆங்கிலம் வராது என்று பதின்வயது மகளை மொழிபெயர்க்கவைக்கும் குடும்பங்கள் கவனிக்க வேண்டும். தன்னைப் பற்றிய புகாரைத் தானே மொழிபெயர்க்கும் நிலை எந்தப் பிள்ளைக்கும் வேண்டாம். அங்குள்ள அரசு மருத்துவச் சேவையில் தமிழ் மொழிபெயர்ப்பாளரை இலவசமாகக் கேட்டுப் பெறலாம்.

● தம்பதிகளை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த ஜான் காட்மன், அவர்களுடைய சச்சரவுகளில் நூற்றுக்கு 69 ஒருபோதும் தீராதவை என்று கண்டார். நன்றாக வாழும் தம்பதிகளுக்கும் அதே கதைதான். செலவாளி, சிக்கனம், கூட்டம் பிடிக்கும், பிடிக்காது. கேலியும் இளக்காரமும் இல்லாமல் அதைப் பற்றித் திரும்பத் திரும்பப் பேச முடிகிறதா என்பதில்தான் வித்தியாசம். எல்லாம் ‘தீர்ந்துவிடும்’ என்ற எதிர்பார்ப்போடு போகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு போவது நல்லது.

● ஒரு அமர்வு பொதுவாக ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம். சில குடும்பங்களுக்கு ஆறு ஏழு முறை போதும். சிலருக்கு ஓராண்டு ஆகும். தொடக்கத்தில் வீட்டில் சண்டை கூடலாம். பல வருடம் அமுக்கி வைத்தது வெளியே வருகிறது. நான்கைந்து அமர்வுக்குப் பிறகும் எந்த மாற்றமும் இல்லையென்றால் அவரிடமே நேராகக் கேளுங்கள். வேறு ஆலோசகரிடம் போகலாமா என்று கேட்டாலும் நல்லவர் கோபித்துக்கொள்ள மாட்டார். முழு உத்தரவாதம் தருகிறேன் என்கிறவர், டாக்டர் தந்த மாத்திரையை நிறுத்தச் சொல்கிறவர், இன்னொரு குடும்பத்தின் கதையைப் பெயரோடு சொல்கிறவர், இவர்களிடம் இரண்டாம் முறை போகவே வேண்டாம்.

● “நான் தயார், அவர்தான் வரமாட்டேங்கிறார்.” மிக அதிகமாகக் கேட்கும் வாக்கியம் இதுவாகத்தான் இருக்கும். அவர் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒரே ஒருவரோடு மட்டும் பேசியும் குடும்பத்தின் போக்கை மாற்றலாம் என்பதை மர்ரே போவன் தன் வேலை முறையாகவே வைத்திருந்தார். ஒரே சண்டையில் ஒவ்வொரு முறையும் சொல்லும் அதே பதிலை ஒருவர் மாற்றினால் மற்றவரால் பழைய வசனத்தைத் தொடர முடிவதில்லை. நீங்கள் முதலில் போங்கள். இரண்டு மூன்று முறை போய்வந்த பிறகு, “என்னைப் பத்தி அங்க என்ன சொன்னே?” என்று அவர் கேட்பார். “நீங்களே வந்து உங்க பக்கத்தைச் சொல்லுங்க, அவங்க கேக்கணும்னு சொல்றாங்க” என்று மட்டும் சொல்லி, அடுத்த அமர்வின் தேதியையும் நேரத்தையும் காலண்டரில் எழுதிவையுங்கள்.